மூணு புள்ளித் தாள்

சாத்தான்குளத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் சொல்லுவார்கள். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால், கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று விலாவாரியாகப் பேசுவார்கள். கணக்கு வரவில்லை என்பதை மட்டும் மூச்சு விடமாட்டார்கள். ஏதோ வம்சத்தில் விழுந்த கறை மாதிரி அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜெபசுதா டீச்சர் வீட்டிலும் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தார்கள்.

அவள் அப்பா கணக்கு வாத்தியார். மாமனார் கணக்கு எடுத்தே ஹெட்மாஸ்டர் ஆனவர். நாத்தனார் கிருபாபாய் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஜெபசுதாவும் கணக்குதான், கடற்கரையோரம், பெரியதாழைக்கு இந்தப் பக்கம், மீன்பிடிக்கிற ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளிக்கூடம். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் அவள் ஒருத்திதான்; கணக்குப் பாடத்துக்கு மூன்றையும் ஒரே அறையில் உட்காரவைப்பாள். இத்தனை பேருக்கு நடுவில் பிறந்த ஒரே மகள் ஈவாஞ்சலின், பதினெட்டில் ஒன்பது போனால் எத்தனை என்று கேட்டால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து எண்ணுவாள். பன்னிரண்டு வயசு. மற்றபடி கெட்டிக்காரி. வாசித்ததை மறக்கமாட்டாள், பாட்டு நன்றாக வரும், வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காப்பியா டீயா என்று சொல்லிவிடுவாள். எண்ணைப் பார்த்தால் மட்டும் பிள்ளைக்கு உடம்பு நடுங்கும்.

ஊரிலேயே இங்கிலீஷ் மீடியத்தில்தான் ஆறாவதுவரை படித்தாள். அங்கே கணக்கு மிஸ் இவளைப் போர்டு பக்கத்திலேயே நிறுத்திவைத்திருப்பார். போட்டு முடிக்கிறவரை உட்காரக் கூடாது. இவள் எங்கே முடிப்பாள்? மணியடித்தால்தான் முடிவு. காலையில் தின்ற இட்லி அப்படியே வாந்தியாக வரும். கடைசியில் ஜெபசுதா, "எங்கூடவே கூட்டிட்டுப் போயிருதேன்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அவள் புருசன் எஸ்றா சாகுபுரம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். நல்ல மனுசன்தான், கோபம்கூட அவனுக்குச் சத்தமில்லாமல்தான் வரும்.

"வலைக்காரப் பிள்ளையளோட போயித்தான் எம்பிள்ள படிக்கணுமாக்கும்."

"அந்தப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்துத்தான் இந்த வீட்ல பாதி அரிசி வேவுது."

"அதுக்கில்லளா. எங்கக்கா கேட்டா என்ன சொல்லுவேன்?"

"தாயோட போறான்னு சொல்லுங்க. தாயோட போறதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

அதற்கு மேல் அவன் தடுக்கவில்லை. ஒரு மாசம் முகத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தான்.

ஜூன் மாசம் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் தேரி மண் சிவப்பாகக் கிடக்கும். கச்சான் காற்று அதை அள்ளி அடிக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் சோற்று டப்பாவுக்குள் மண் ஏறிவிடும். பஸ் கடற்கரைக்கு இறங்கும்போதே கருவாட்டு வாடை வரும். முதல் நாள் ஈவா மூக்கைப் பொத்தினாள். ரெண்டாவது வாரம் அந்த வாடை வந்தால்தான் பையைத் தோளில் மாட்டினாள்.

ஜெபசுதாவின் வகுப்பைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் சந்தை என்றுதான் நினைப்பார்கள். ஹெட்மாஸ்டர் சங்கரபாண்டியன் சார் வராந்தாவில் போகும்போது எட்டிப் பார்த்துக் கேட்பார், "டீச்சர், பாடம் நடத்துதீங்களா, பந்தி பரிமாறுதீங்களா?" அவர் கேட்டதில் தப்பில்லை. ஏழாவதில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நாலாம் வகுப்புக் கணக்கிலேயே நின்றுபோனவர்கள். ரெண்டு மூன்று பேருக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போட்டால்தான் தீனி. எல்லாருக்கும் ஒரே கணக்கைப் போட்டால் கொஞ்சம் பேர் கொட்டாவி விடுவார்கள், மிச்சம் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். அதனால் ஒரே சங்கதியை மூன்று தினுசாக எழுதிக்கொண்டு வருவாள்.

ஐஸ் பெட்டி என்றால் எல்லாருக்கும் ஐஸ் பெட்டிதான். மூணு வள்ளத்தில் நாலு நாலு பெட்டி ஏற்றினால் மொத்தம் எத்தனை என்று ஒரு தாள். பன்னிரண்டு பெட்டியில் கால்வாசி உருகிவிட்டால் மிச்சம் எத்தனை என்று இன்னொரு தாள். ஒரே அளவு ஐஸ் ஏற்றின ரெண்டு வள்ளத்தில், ஒன்றில் ஐந்தில் ரெண்டு பங்கும் மற்றதில் நாலில் ஒரு பங்கும் உருகினால், எதில் அதிகம் உருகியது, எவ்வளவு அதிகம் என்று மூன்றாவது தாள். தாளின் மூலையில் ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி வைத்திருப்பாள். யாருக்கு எந்தப் புள்ளி என்று வகுப்பில் சத்தமாகவே சொல்லிக் கொடுப்பாள். ஒரு புள்ளியை முடித்தவன் ரெண்டு புள்ளியைக் கேட்டு வாங்குவான். முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போவான்.

இதை ஆரம்பித்த வருசம் அவளுக்கே பயம்தான். பிள்ளைகள் சங்கடப்படுவார்களே, ஒன்றை ஒன்று கேலி பண்ணுமே என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. சங்கு குளிக்கிற ஆன்டனியின் மகள் ஜெனோவாதான் அவளுக்கு விளங்கவைத்தாள். வகுப்பிலேயே கணக்கில் பெரிய சூடிகை அவள்.

"எங்க அப்பா பத்து பாகம் ஆழம் முங்குவாவ டீச்சர். சித்தப்பாக்குக் காது வலிக்கும், ஆறு பாகத்துக்கு மேல எறங்க மாட்டாவ. ரெண்டு பேரும் ஒரே வள்ளந்தான்."

"சித்தப்பாவ யாரும் கேலி பண்ண மாட்டாங்களா?"

ஜெனோவாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்கு டீச்சர் கேலி பண்ணணும்? அவுகளுக்கு ஆறு பாகம்" என்றாள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அவனவன் எவ்வளவு ஆழம் போவான் என்பது ஊருக்கே தெரியும்; மறைக்கவும் மாட்டார்கள், மறைத்தால் ஆளே திரும்பி வரமாட்டான்.

சாத்தான்குளத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஈவாவுக்கு முதலில் ஒரு புள்ளித் தாள்தான் ஜெபசுதா கொடுத்தாள். எல்லாருக்கும் சொன்னதுபோல் சொல்லித்தான் கொடுத்தாள். பிள்ளை தாளைப் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். ஒரு புள்ளியோடு உட்கார்ந்திருந்ததெல்லாம் ஆறாவது படிக்கிற பொடிசுகள். தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ராத்திரியும் இல்லை. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தாள், மஞ்சளாகப் பித்தம்தான் வந்தது. தரையைத் துடைத்துக்கொண்டே ஜெபசுதா அழுதாள். பழைய பள்ளிக்கூடம் பண்ணியதையே நானும் பண்ணுகிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் மகள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்க, மடியில் பையை வைத்து அதன்மேல் புதிதாக ஒரு தாள் எழுதினாள். இருபத்துநாலு பெட்டி ஐஸ், ஆறு பெட்டி உருகிவிட்டது, மிச்சம் எத்தனை. அந்தத் தினுசில் ஐந்து கணக்கு. மூலையில் மூணு புள்ளி வைத்தாள். ஒரு வாரத்துக்குத்தான், பிள்ளை கொஞ்சம் தெளியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கர்த்தருக்குத் தெரியும், அவள் நினைத்தது அவ்வளவுதான்.

ஈவா ஐந்தையும் போட்டாள். நாலு சரி. தாளைக் கொடுக்கும்போது மூணு புள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். அன்று மத்தியானம் ஜெனோவா டப்பாவிலிருந்த சாளை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வாரம் மாசமாச்சு. கச்சான் ஓய்ந்து வாடைக் காற்று வந்தது. ஈவா வாந்தி எடுக்கிறதே நின்றுபோச்சு. விரலை ஒளிக்காமல் மேசைமேல் வைத்தே எண்ணினாள், பிறகு எண்ணாமலே சொன்னாள். கிறிஸ்மஸுக்குள் கடன் வாங்கிக் கழித்தாள், பெருக்கினாள், வகுத்தலில் கால் வைத்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆறு வருசம் படித்தும் ரெண்டாம் வகுப்புக் கணக்கிலேயே நின்ற பிள்ளை ஆறே மாசத்தில் நாலாம் வகுப்புக்கு ஏறியிருந்தாள். வேறு எந்தப் பிள்ளை இப்படி ஏறியிருந்தாலும் ஜெபசுதா வகுப்பில் கைதட்டச் சொல்லியிருப்பாள். இதை யாரிடம் சொல்ல? ஏறினவளே தான் ஏழாவதில் நிற்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெனோவாவுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் ரெண்டு பேர் தாளும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். ஜெபசுதாவின் மேசைப் பக்கம் வந்து, "டீச்சர், ஈவாவுக்கும் மூணு புள்ளி, எனக்கும் மூணு புள்ளி. ஆனா அவளுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அது வேற மாதிரிம்மா. நீ போயி எழுது."

ஜெனோவா டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் தாளை மடித்து ஜாமெட்ரி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து அவள் தாள் ஈவாவின் கண்ணில் படவே இல்லை.

வினை தை மாசம் வந்தது. ஜெபசுதா வைத்த மாசப் பரிட்சைத் தாளை ஈவாவே அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். தொண்ணூற்றிரண்டு. எஸ்றா கேள்வியைப் படிக்கவில்லை. எந்த அப்பன் படிக்கிறான், மார்க்கைத்தான் பார்ப்பான். ஷிப்ட் முடிந்து வந்த உடுப்பை மாற்றாமல் அப்படியே சேரில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிருபாபாயைப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, நம்ம ஈவா கணக்குல தொண்ணூத்திரெண்டு... ஆமா, நம்ம ஈவாதான்... இல்லக்கா, அவ அம்மா சும்மா போடுத ஆளா? எங்க மாமனார் மக அவ. அரை மார்க்குக்கு அழவெச்சுருவா."

அடுப்படியில் நின்ற ஜெபசுதா கரண்டியோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை கருகுகிற வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

கிருபாபாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் பெரிய போர்டிங் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, எட்டாவதுக்கு என்ட்ரன்ஸ் வைத்துத்தான் எடுப்பார்கள், அதில் படித்தால் பிள்ளை எங்கேயோ போய்விடும் என்று போனிலேயே தூபம் போட்டுவிட்டாள். மறுவாரமே எஸ்றா அப்ளிகேசன் எழுதிப்போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெபசுதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தப் பரிட்சை இந்த வருசம் வேண்டாம்."

"ஏன்?"

"பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நாளாகணும்."

"தொண்ணூத்திரெண்டு எடுத்த பிள்ளைக்கு என்னளா நாளாகணும்?"

"எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற. அங்க கேக்கது வேற."

"நீ ஒங்க பள்ளிக்கூடத்த நீயே தாழ்த்திப் பேசாத" என்றான் எஸ்றா. பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "ஒனக்குத் தெரியாது ஜெபா. பத்தாங் கிளாஸ்ல நான் கணக்குல முப்பத்தொம்பது. எங்கப்பா ஹெட்மாஸ்டரு. ரிசல்ட் வந்த அன்னைக்கு மத்த பிள்ளையளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல வாழ்த்து சொல்லிட்டு வீட்டுக்கு வந்தாரு. எங்கிட்ட ஒரு வருசம் பேசல. சோத்துக்கு மொளகாப்பொடி வேணும்னாக்கூட அக்காட்டச் சொல்லித்தான் எடுக்கச் சொல்லுவாரு. சாவுறவரைக்கும் அவருக்கு நான் முப்பத்தொம்பதுதான்."

கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை.

"எனக்குக் குடுக்காதத கர்த்தர் எம்மகளுக்குக் குடுத்துருக்காரு. அதைப் போயி வேண்டாங்கியே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான்.

வாய்வரைக்கும் வந்ததை அவள் முழுங்கிவிட்டாள். எழுந்து போகும்போது மனசுக்குள் ஒரு கள்ளத்தனமான சமாதானம் வந்தது. ஆயிரம் பிள்ளைகள் எழுதுவார்கள். சீட்டு கிடைக்காது. போட்டி அதிகம், கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். படித்தவர்களுக்கு இப்படிச் சாக்குக் கண்டுபிடிக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் விசயம் பரவிவிட்டது. ஈவாவே எல்லாரிடமும் சொன்னாள். ஒரு மத்தியானம் ஜெபசுதா சோற்றுப் பாத்திரத்தைக் கழுவப் பின்பக்கம் போனாள். பைப்படியில் ஜெனோவாவும் ஈவாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனோவா பொரித்த சீலா மீன் துண்டு ஒன்றை டப்பா மூடியில் வைத்து முள்ளால் கீறிக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு. இத மூணாப் பிச்சா ஒரு துண்டு பெருசா இருக்குமா, நாலாப் பிச்சா பெருசா இருக்குமா?"

"நாலுதான பெரிய நம்பரு."

"நம்பர விடுளா. மீனப் பாரு. ஒனக்குப் பசிக்குன்னு வையி, மூணு பேரோட பங்கு போடுவியா, நாலு பேரோடயா?"

ஈவா மீனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். எனக்கும் மூணு புள்ளிதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜெனோவா மீனைத் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து பாவாடையைத் தட்டினாள்.

"டீச்சர், ஈவா அந்தப் பரிட்சைக்குப் போறாளாமே."

"ஆமா."

"அவட்டச் சொல்லிட்டீங்களா?"

ஜெபசுதா பைப்பைத் திறந்தாள். தண்ணீர் சூடாக வந்தது. "சொல்லணும்" என்றாள்.

"நான் சொல்லட்டா டீச்சர்? சும்மா சண்டை போடுத மாதிரி சொல்லிருதேன். எம்மேல கோவப்பட்டுட்டுப் போறா."

பன்னிரண்டு வயசுப் பிள்ளை தன் சிநேகத்தையே கொடுக்கிறேன் என்கிறாள். ஜெபசுதாவுக்கு அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம்மா. நான்தான் சொல்லணும். நானே சொல்லுதேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கரைக்கு நடந்தாள். வள்ளங்களை ஏற்றிப் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பங்குனி வெயிலில் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஆன்டனி வள்ளத்தடியில் படுத்திருந்தவர் எழுந்து, "டீச்சர், சங்குச் சதை இருக்கு, கொண்டு போறீயளா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். சொல்லிவிட வேண்டும், இந்த வள்ளம் தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வள்ளமாகத் தாண்டினாள்.

"ஈவா."

"என்னம்மா?"

"அந்தப் பரிட்சை..."

"நான் அங்க சேந்துட்டா நீ தனியாத்தான் பஸ்ல வரணும், என்னம்மா" என்றாள் ஈவா. குனிந்து ஒரு சிப்பியை எடுத்து ஊதி மணலைத் தட்டினாள். "அழக் கூடாது. நான் லீவுக்கு லீவு வருவேன். அப்பா இப்பல்லாம் எங்கிட்ட எவ்ளோ பேசுதாங்க தெரியுமா? நேத்து பைக்ல போகும்போது பிளாண்ட்ல பம்பு எப்படி ஓடுதுன்னு முழுசும் சொன்னாங்க. முன்னல்லாம் சாப்ட்டியான்னு மட்டுந்தான் கேப்பாங்க."

பஸ் ஹாரன் கேட்டது. ரெண்டு பேரும் ஓடினார்கள். அன்றைக்கும் சொல்லவில்லை.

பரிட்சைக்கு மூன்று பேரும் போனார்கள். எஸ்றா லீவு போட்டு, ஒரு கார் பேசி, காலையிலேயே கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் பெரிசுதான். வாசலிலிருந்து மலை தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். ஈவா திரும்பிப் பார்த்துக் கைகாட்டினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் பெற்றவர்கள் நின்றார்கள். எஸ்றாவுக்கு நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "இவ கணக்கு டீச்சர். அதனால மகளுக்கு ட்யூசன் கிடையாது" என்று சொன்னான். அவர் ஜெபசுதாவை மரியாதையாகப் பார்த்தார். அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளே என் பிள்ளை இப்போது எந்தக் கேள்வியைப் பார்க்கிறாளோ, எப்படி முழிக்கிறாளோ, யாரைக் கூப்பிடுவாள் என்று அவள் சாத்தின கதவையே பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. தட்டி என்ன சொல்ல?

மணியடித்து எல்லாரும் வந்த பிறகு கடைசியாக ஈவா வந்தாள். அழவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போய் இருந்தது. எஸ்றா ஓடிப்போய்ப் பரிட்சை அட்டையை வாங்கிக்கொண்டான்.

"எப்படி எழுதுன?"

ஈவா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஜெபசுதாவுக்கு அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"வயித்து வலி வந்துட்டுப்பா" என்றாள் ஈவா. "ஒக்காரவே முடியல. அதான் சரியா எழுதல."

எஸ்றா பெண்டாட்டியைப் பார்த்தான். பொம்பளைப் பிள்ளை விசயமாக இருக்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "போகுது விடு. ஒடம்புதான் முக்கியம். அடுத்த வருசம் ஒம்பதாவதுக்கும் வைக்காங்களாம், விசாரிச்சுட்டேன்" என்றான். வருகிற வழியில் காரை நிறுத்தி ஓரிடத்தில் இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தான். அவள் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்றா கடைக்குப் போனான். ஜெபசுதா உடுப்பை மாற்றிக்கொண்டு புறவாசலில் மீன் கழுவ உட்கார்ந்தாள். கையும் காலும் ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் உயிர் நிற்கும் போல இருந்தது. வெயில் இறங்கிவிட்டது. ஈவா வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். செதிள் தெறித்து அவள் பாவாடையில் விழுந்தது, தட்டிவிடவில்லை.

"எனக்கு வயிறு வலிக்கலம்மா."

"தெரியும்."

"மொதக் கேள்விய வாசிச்சேன். அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. சரி, அடுத்ததுன்னு போனேன். அதுவும் பாத்ததில்ல. கடைசிவரைக்கும் திருப்பிப் பாத்தேன். ஒண்ணுகூட எனக்குச் சொல்லித் தந்தது இல்ல." பாவாடையில் கிடந்த செதிளை விரலால் ஒற்றி எடுத்தாள். "என் தாளுல மூணு புள்ளி நீதான வச்ச?"

"ஆமா."

"அது மூணு புள்ளிக் கணக்கு இல்லதான?"

ஜெபசுதா அரிவாள்மனையைத் தள்ளிவைத்தாள். "இல்ல."

"எத்தனாவது கிளாஸ்?"

"நாலு. மொதல்ல ரெண்டு. நீ நல்லா ஏறிருக்க ஈவா. சத்தியமா நல்லா ஏறிருக்க. அது பொய் இல்ல."

"ஜெனோவாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஈவா தரையைப் பார்த்தாள். பூனை ஒன்று வந்து மீன் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ரெண்டு பேரும் அதை விரட்டவில்லை.

"மத்த பிள்ளையள்ட்டல்லாம் ஒரு புள்ளின்னா ஒரு புள்ளின்னுதான சொல்லித் தருவ. எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"நீ சாப்பிடாமக் கெடந்தியேளா. பித்தம் பித்தமா வாந்தி எடுத்த. எனக்குத் தாங்கல."

"அப்புறந்தான் நான் சாப்ட்டேன்லா" என்றாள் ஈவா. "நல்லா சாப்ட்டேன்லா. அப்பச் சொல்லிருக்கலாம்லா."

ஜெபசுதா எத்தனையோ பிள்ளைகளின் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள். எது புரியவில்லையோ அதைத் திருப்பித் திருப்பி வேறுவேறு மாதிரி சொல்லிக் கொடுக்கிறவள். இதற்கு ஒரு மாதிரியும் அவளிடம் இல்லை. மீன் கையோடு முகத்தை மூடி அழுதாள். ஈவா அழவில்லை. வாளியிலிருந்து தண்ணீர் மோந்து அம்மாவின் கையில் ஊற்றினாள்.

"நான் அப்பாட்டச் சொல்லிருதேன்" என்றாள் ஜெபசுதா. "இன்னைக்கே சொல்லிருதேன். எல்லாம் நான் பண்ணுனதுன்னு சொல்லிருதேன்."

"வேண்டாம்."

"இல்ல ஈவா, சொல்லணும். இப்பவே சொல்லலன்னா அடுத்த வருசமும் இதே மாதிரி..."

"வேண்டாம்மா. அப்பாவால தாங்க முடியாது." ஈவாவின் குரல் மெதுவாக, நிதானமாக இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தாளைக் கொடுக்கும்போது ஜெபசுதாவே பேசுகிற குரல் அது. "அப்பாவால எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுதான் சொல்லிருக்கேன்."

ஜெபசுதா தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். கணக்கைத் தவிர எல்லாவற்றையும் இந்தப் பிள்ளை என்னிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டதே என்று பயந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. எஸ்றா வந்தான். கடைப் பையைத் திண்டில் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குள் போனான். அவனுக்கு அடுப்படி பழக்கமில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஓமம் கொதிக்கிற வாடை வந்தது. டம்ளரில் ஊற்றி, சேலைத் துண்டால் பிடித்து, ஊதி ஊதிக்கொண்டே புறவாசலுக்கு வந்தான்.

"கசக்கும். கருப்பட்டி போட்டுருக்கேன். ஒரே மூச்சுல குடிச்சிரு."

ஈவா எழுந்து வாங்கினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"வலி கொஞ்சம் கேக்குதா?" என்று கேட்டான் எஸ்றா. மகள் வயிற்றில் கையை வைத்து மெதுவாகத் தடவினான்.

"கேக்குதுப்பா. இப்ப வலி இல்ல" என்றாள் ஈவா.